காலண்டரின் சின்ன எழுத்து

தம்பி கள்ளச்சாராயம் குடிக்கிறான் என்று தெரிந்த அன்று, ஃபோனில் காரணங்களை வரிசையாக எழுதினேன். விலை குறைவு. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கான்கிரீட் வேலை, உடம்பு வலி. சர்க்கார் மதுக்கடை வரிசையில் நின்றால் பஸ்ஸில் போகிற யாராவது பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார்கள். நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன்; ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது பழக்கம்.

"அதெல்லாம் இல்லக்கா, அங்க நான்தான் ஃபர்ஸ்டு" என்றான்.

எங்கள் காலனிப் பையன்களிடம் ஒரு முறை உண்டு. புதுச் சரக்கு வந்தால் ஒருவன் முதலில் குடிப்பான். அரை மணி நேரம் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மற்றவர்கள் குடிப்பார்கள். அந்த ஒருவன் என் தம்பி. அக்கா லேபில் இருப்பதால் அவனுக்கு விஷயம் தெரியுமாம். "டாக்டரேன்னுதான் விளிப்பானுங்க" என்று சிரித்தான். வேலையிடத்தில் அவனைப் பேர் சொல்லிக்கூட யாரும் கூப்பிடுவதில்லை.

விஷம் இருந்தால் அரை மணியில் தெரியாது, மறுநாள்தான் கண்ணை மங்கவைக்கும் என்றேன்.

"அப்போ நீயே டெஸ்ட் பண்ணித் தா."

மாட்டேன் என்றேன். நல்லது என்று நான் சொன்னால் தைரியமாகக் குடிப்பார்கள். அப்பாவிடம் சொன்னால் தம்பி வீட்டுக்கே வரமாட்டான். கடைசியில் ஒன்று கேட்டேன்: குடித்த மறுநாள் காலை, வாசலில் நின்று காலண்டரின் சின்ன எழுத்தைப் படித்துக் காட்ட வேண்டும். ஒத்துக்கொண்டான்.

"ராகுகாலம் ஏழரை டு ஒம்பது. போதுமா, மேடம்?"

சில வாரங்கள் இப்படியே போயின. போன திங்கட்கிழமை அவனோடு மூன்று பையன்கள் வந்து நின்றார்கள்.

"சேச்சி பாத்துக்குவாங்கன்னு நேத்து கொஞ்சம் கூடுதல் ஆயிடுச்சு" என்றான் ஒருவன்.

என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று புரியவில்லை. ஆனாலும் படிக்கச் சொன்னேன். தம்பியும் இரண்டு பேரும் படித்தார்கள். கடைசிப் பையன் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தமிழ் வாசிக்கத் தெரியாது சேச்சி. நான் மலையாளம் மீடியம்."

மூச்சு வந்தது. பக்கத்து வீட்டு மலையாளப் பேப்பரை எடுத்து நீட்டினேன். தலைப்பைப் படித்தான். கீழே வந்ததும் பேப்பரை முகத்துக்கு அருகில் கொண்டுபோனான். பிறகு தள்ளிப் பிடித்தான்.

"புகை மாதிரி இருக்கு."

ஆட்டோ பிடிக்கத் தம்பியை அனுப்பினேன். அவன் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்தச் சரக்கை முதலில் குடித்தவன் அவன்.

நான்கு பேரையும் ஏற்றினேன்.