அனொன் என்றால் எப்போது?

இன்று மாலை யாழ்ப்பாணத்திலிருந்து பண்டத்தரிப்புக்குப் போகும் பஸ்ஸில், பக்கத்தில் இருந்த தோழி செல்வி போனில் ஆங்கிலக் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அனொன் எண்டா என்னடி?"

நான் ஆங்கில ஆசிரியை. "பழைய இங்கிலீஷ் சொல். 'ஒண்டு' எண்ட கருத்துள்ள இங்கிலீஷ் சொல்லிலை இருந்து வந்தது. முதல்லை 'உடனே' எண்டுதான் கருத்து. உடனே எண்டு சொன்ன ஆக்கள் எல்லாம் பிந்திப் பிந்தி வர, கருத்து 'கொஞ்ச நேரத்தாலை' எண்டு மாறிட்டுது."

செல்வி சிரிக்கவில்லை. கனடாவில் இருக்கும் அவள் கணவர் வருடக்கணக்காக "கெதியா வாறன்", சீக்கிரம் வந்துவிடுவேன், என்கிறார். அங்கேயே அவருக்குப் போன் எடுத்தாள்.

"கெதியா எண்டா எப்ப? சொல்லுங்கோ!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"தைப்பொங்கலுக்கு வாறன். ஓம், கட்டாயம்."

செல்வி ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தாள்.

விஷயம் இப்போது முழு பஸ்ஸுக்கும் தெரியும். இனி அந்த மனிதர் வராமல் இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.