பின்சீட்டின் சிவப்புப் பொத்தான்

முடிச்சக்கா தன் தம்பிக்கு எட்டு லட்சம் கடன்பட்டிருந்தாள். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது. ஆனால் அந்தக் கடனைத் தெருவில் போகிற யாரும் பார்க்கலாம். தம்பி வீட்டின் பக்கவாட்டில் ஏறும் படிக்கட்டு மேலே போய், ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்றுவிடும். மாடி கட்ட வைத்திருந்த பணத்தைத்தான் அவன் அக்காவிடம் தூக்கிக் கொடுத்திருந்தான். தூணுக்கென்று நிறுத்திய கம்பிகள் துருப்பிடித்துக்கொண்டிருந்தன. தம்பி மனைவி அவற்றில் கயிறு கட்டித் துணி காயப்போட்டாள்.

"மாடிதான் இல்ல, கொடியாவது இருக்கே" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பு முடிச்சக்காவுக்குச் சுருக்கென்று தைக்கும்.

அக்காவுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பஸ் சீட்டுக்கு உறை தைக்கும் கொட்டகையில் மெழுகு நூலும் கோணி ஊசியுமாகத் தொடங்கிய கை அது. விமானத்துக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து, விரற்கடைக்கு ஒரு முடிச்சு போட்டு இறுக்க வேண்டும், ஆட்டத்தில் ஒன்று தளர்ந்தாலும் உரசித் தீப்பிடிக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, "முடிச்சுதானே, நான் போடாத முடிச்சா?" என்று விமானத்தளத்து வாசலில் போய் நின்றவள். முதல் நாள் காவலாளி விரட்டினான். மறுநாளும் போய் நின்றாள். கடைசியில் உள்ளே இருந்த போர்மேன் ஒரு துண்டு வயர்க்கட்டை வெளியே கொடுத்தனுப்பினார். அவள் போட்டுக் கொடுத்த முடிச்சை அவர் குறடால் இழுத்துப் பார்த்தார். குறடுதான் வழுக்கியது. அன்றிலிருந்து அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர். சொந்தப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது.

"வானத்துல போற பயிற்சி விமானத்துல பாதி என் முடிச்சுலதான்டா நிக்குது" என்று தம்பியிடம் மார்தட்டுவாள்.

"மீதிப் பாதி எதுல நிக்குது?"

"உன் கடை சிமெண்ட் அதுல இல்லாததால நிக்குது."

தம்பி சிமெண்ட் வியாபாரி. வாய் அக்காவுக்குச் சளைத்ததல்ல.

அந்தப் பயிற்சி விமானத்தில் இரண்டு இருக்கைகள், ஒன்றன்பின் ஒன்றாக. முன்னால் மாணவன், பின்னால் ஆசிரியர். மாணவன் தடுமாறினால் ஆசிரியர் உடனே கைப்பற்றிக்கொள்ள வேண்டும் என்பதால், முன்னால் என்ன உண்டோ அது பின்னாலும் உண்டு. அக்கா பிறகு சொந்தமாகப் போட்ட வயர்க்கட்டுப் பட்டறையில் இதையே பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டு வேலை செய்வார்கள்: "முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு." இருபது வருஷம் அப்படியே ஓடியது.

பிறகுதான் விமானப்படையிலிருந்து அந்த முடிவு வந்தது. புதிய போர் விமானம் வாங்கினால் யானை விலை. கையில் இருக்கும் பயிற்சி விமானங்களையே சின்னச் சண்டைக்குத் தயார் செய்துவிடலாம். இறக்கைக்கு அடியில் குண்டு மாட்டும் கொக்கிகள், முன்னிருக்கையில் குறி பார்க்கும் திரை, அத்தனைக்கும் புது வயர்க்கட்டு. அந்த வேலை முடிச்சக்காவுக்குக் கிடைத்தது. ஆனால் தூசி புகாத அறை, குளிர்சாதனம், வயர் முனையை நசுக்கும் வெளிநாட்டுக் கருவி, சோதனை மேசை எல்லாம் அவள் செலவு. எட்டு லட்சம் அங்கேதான் போனது. முதல் விமானம் ஒழுங்காகக் குண்டு போட்டுக் காட்டினால்தான் பணம் வரும், மற்ற விமானங்களின் வேலையும் வரும். இல்லாவிட்டால் இரண்டும் வேறொரு கம்பெனிக்கு.

வயர்க்கட்டு தயாராகி விமானத்தில் ஏறியது. தரைச் சோதனை அன்று விமானம் நிறுத்தும் ஹேங்கரில் அக்கா புதுப் புடவையில் நின்றாள். இறக்கைக்கு அடியில் சிமெண்ட் நிரப்பிய ஒத்திகைக் குண்டு தொங்கியது. அதன் கீழே தடித்த மெத்தை.

"சிமெண்ட மேலேருந்து கீழ போடறதுக்கா இவ்வளவு செலவு? என் கடை ஆளு லாரியிலேருந்து தினமும் சும்மாவே போடறான்" என்று தம்பி காலையில் சொன்னது நினைவுக்கு வந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது.

பின்னிருக்கையில் மூத்த ஆசிரியர் விமானி ஏறி உட்கார்ந்தார். முன்னிருக்கையில் இன்னும் யாரும் ஏறவில்லை. இந்த மாற்றத்துக்குப் பொறுப்பான பொறியாளரம்மா கீழே நின்று மின்சாரத்தைப் போடச் சொன்னார். ஆசிரியர் காதுபேசியை மாட்டிக்கொண்டு, ஓட்டுப்பிடியைப் பிடித்து, அதன் தலையில் இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்திக் கேட்டார்:

"டீ வந்துருச்சா?"

தொம்!

குண்டு மெத்தையில் கிடந்தது. மெத்தையின் பஞ்சு வெளியே வந்திருந்தது.

போர்மேன் குனிந்து அதைப் பார்த்தார். "சார், டீ வரல. வேற ஏதோ வந்திருக்கு."

நடந்தது இதுதான். பழைய விமானத்தில் இரண்டு இருக்கையிலும் சிவப்புப் பொத்தான் என்றால் பேசுவதற்கு. புது ஏற்பாட்டில் முன்னிருக்கைச் சிவப்புப் பொத்தான் குண்டைக் கழற்றிவிட. பின்னிருக்கைப் பொத்தானோ வெறும் பொம்மை, அதற்கு வயரே கிடையாது. பேசுவதற்கு இடது கைப்பக்கம் வேறு பொத்தான் வைத்தாகிவிட்டது. ஆசிரியருக்கும் இது தெரியும். ஆனால் கட்டைவிரலுக்குத் தெரியவில்லை, அது பழைய ஞாபகத்தில் போய்விட்டது.

சரி, பொம்மைப் பொத்தானை அழுத்தினால் குண்டு எப்படி விழுந்தது? பொறியாளரம்மா பின்னிருக்கைப் பலகையைக் கழற்றி விளக்கடித்தார். அங்கே இருக்கவே கூடாத ஒரு சிவப்பு வயர், அழகாக, அம்சமாக, பொத்தானுக்குப் போயிருந்தது.

"பட்டறையில சோதனை பண்ணலையா?"

"பண்ணினோம்மா. ஒண்ணு விடாம."

பண்ணினார்கள்தான். இருக்க வேண்டிய வயரெல்லாம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருக்கக் கூடாதது எதுவும் இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

"யாரு கட்டின கட்டு இது?" என்றார் போர்மேன். அக்காவின் பட்டறையில் ஆறு பெண்கள். யாரையாவது ஒருத்தியைக் கைகாட்டுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அக்கா தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தாள். இரட்டைச் சுற்றுச் சுற்றி இடதுபக்கம் இழுத்த முடிச்சு. நாட்டில் அந்த முடிச்சைப் போடும் கை ஒன்றுதான் உண்டு.

"இது என் முடிச்சு" என்றாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. வரைபடத்தைக் கண் பார்த்திருக்கிறது, கை தன்பாட்டுக்குப் பழைய பாட்டைப் பாடியிருக்கிறது. ஆசிரியரின் கட்டைவிரலுக்கும் அவள் கைக்கும் ஒரே வியாதி.

"வயர நறுக்கி முனைய மூடிட்டா போதாதா?" என்று போர்மேன் இரக்கப்பட்டுக் கேட்டார்.

"குண்டுக்குப் போற வயர் பின்சீட்ல ஒரு அங்குலம்கூட கிடக்கக் கூடாது" என்றார் பொறியாளரம்மா. "கட்டு முழுசா மாத்தணும். வெள்ளிக்கிழமை குண்டு போடற மைதானம் நமக்கு ஒதுக்கியிருக்காங்க. அத விட்டா இந்த வருஷம் கிடையாது. முடியுமாக்கா? முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் உங்களக் குறை சொல்ல மாட்டேன்."

அக்காவின் கண்ணுக்குள் அந்த மொட்டைப் படிக்கட்டு வந்து நின்றது. ஆனால் வாய் இருக்கிறதே, அது அவள் வாயல்லவா?

"முடியுமான்னு என்கிட்டயா கேக்கறீங்க? வியாழக்கிழமை மத்தியானம் வந்து எடுத்துக்கோங்க."

சொல்லிவிட்டு வந்தாளே தவிர, பட்டறைப் படி ஏறும்போதுதான் விஷயம் உறைத்தது. மறுபடியும் அதே கைகள்தானே கட்டப் போகின்றன? அவசரத்தில் அதே பாட்டைத்தானே பாடும்? ஆறு பேரையும் வரிசையாகப் பார்த்தாள். அதில் ஒருத்தி ரொட்டிக் கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தவள், போன மாதம்தான் சேர்ந்தாள். பேக்கரி என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய விமானத்துக்கு ஒரு கட்டுகூடக் கட்டியதில்லை.

"பேக்கரி, பின்சீட்டு நீ கட்டு."

மற்ற ஐவரும் வாயைப் பிளந்தார்கள். பேக்கரிக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, எனக்கு இந்த வேலை பழக்கமே இல்லையே!"

"அதுக்குத்தான்டி உன்னச் சொல்றேன். பழக்கம் இருக்கற எங்களாலதான் இந்தக் கூத்து. படத்துல என்ன இருக்கோ அத மட்டும் கட்டு. இல்லாதத கட்ட உனக்குத் தெரியாது பாரு, அந்தத் தெரியாமைதான் எனக்கு வேணும். முடிச்சு இறுக்கமா இருக்கான்னு நான் பாத்துக்கறேன்."

பின்சீட்டு மேசையை அறையின் கோடிக்கு நகர்த்தினாள். சிவப்பு வயர் உருளையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தாள். சிவப்பு யாருக்கு வேண்டுமானாலும் அவளிடம் வந்து, எதற்கு, எங்கிருந்து எங்கே என்று சொல்லித்தான் வாங்க வேண்டும்.

"என்னக்கா, பிள்ளைய மடியில வச்ச மாதிரி வச்சிருக்கீங்க?"

"என் பிள்ளைங்க இவ்வளவு சேட்டை பண்ணலடி."

ஒருமுறை, பேச்சுவாக்கில், அவள் கையே தன்பாட்டுக்கு ஒரு முழம் சிவப்பை இழுத்துப் பேக்கரி பக்கம் நீட்டியது. பேக்கரி வரைபடத்தைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "எனக்கு சிவப்பு இல்லக்கா."

பட்டறையே சிரித்தது. அக்கா தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். அடித்தாலும், உள்ளுக்குள் ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கட்டு போனது. இந்த முறை இருக்கக் கூடாததையும் தேடித் தேடிச் சோதித்து அனுப்பினாள். ஹேங்கரில் ஆசிரியர் பின்னிருக்கையில் உட்கார்ந்து, இருந்த பொத்தானையெல்லாம் ஆர்மோனியம் வாசிப்பது போல அழுத்தித் தள்ளினார். குண்டு அசையவில்லை. முன்னிருக்கையில் ஒரே ஒரு அழுத்து. தொம்! புது மெத்தை தாங்கிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மைதானத்துக்குப் பொறியாளரம்மாவே அக்காவை ஜீப்பில் கூட்டிப் போனார். "நீங்க பாக்காம வேற யாரு பாக்கறது?" தூரத்தில் தரையில் சுண்ணாம்பால் போட்ட வெள்ளை வட்டம். விமானம் ஒரு புள்ளியாய் வந்தது, ஊசியாய் ஆனது, தலைக்கு மேலே காதைக் கிழித்துக்கொண்டு போனது. இறக்கையிலிருந்து ஏதோ பிரிந்தது. வட்டத்துக்குள் சிமெண்டுத் தூள் குபுக்கென்று எழும்பியது. பக்கத்தில் நின்ற அதிகாரிகள் கைதட்டினார்கள். அக்கா கைதட்டவில்லை. இடுப்பில் கைவைத்து நின்று, போகிற விமானத்தைப் பார்த்து உரக்கச் சொன்னாள்:

"போ ராசா. நேத்து வரைக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை, இன்னைக்கு நீ பட்டாளத்தான்!"

கையெழுத்துகள் ஆகிப் பணம் வர மழைக்காலம் வந்துவிட்டது. கூடவே மீதி விமானங்களின் வேலையும் வந்தது. அக்கா வங்கிக்குப் போய் எட்டு லட்சத்தை நோட்டாகவே கேட்டு வாங்கினாள். "கணக்குல போட்டுடலாமேம்மா" என்றார் காசாளர். "கணக்குல போட்டா என் தம்பிக்குச் சத்தம் கேக்காது" என்றாள்.

நேரே தம்பி வீட்டுக்குப் போய், உள்ளே நுழையாமல், அந்த மொட்டைப் படிக்கட்டில் ஏறினாள். கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாள்.

"டேய், மேல வா!"

"மேல எங்கக்கா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அவன் சிமெண்டுக் கையோடு ஏறி வந்தான். பின்னாலேயே அவன் மனைவி, ஈரத்துணிக் கூடையோடு.

"கைய நீட்டு. தொடைச்சுட்டு நீட்டு."

"என்னக்கா, அவசரம் ஒண்ணும் இல்லையே…"

"உனக்கு இல்ல. மாடிக்கு அவசரம். நீட்டுடா."

தம்பி வேட்டியில் கையைத் துடைத்து நீட்டினான். அக்கா நோட்டுக் கட்டைப் பிரித்து, விரலை நாக்கில் தொட்டு, தெருவுக்கே கேட்கும்படி எண்ணத் தொடங்கினாள். தம்பி மனைவி கூடையைக் கீழே வைத்துவிட்டு, கொடியிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவினாள். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினாள். அக்கா நிமிர்ந்தே பார்க்கவில்லை. எண்ணிய கட்டுகளை மடியில் வாங்கி அடுக்கிக்கொண்டே வந்தான் தம்பி. கடைசிக் கட்டின் கடைசி நோட்டை எடுத்து, விறைப்பாக ஒரு உதறு உதறி, விரிந்திருந்த அவன் உள்ளங்கையின் நடுவில் வைத்து அழுத்தினாள்.

"எட்டு லட்சம்!"