அண்ணனுக்கு எத்தனை வயது

வீட்டில் என் அண்ணனுக்குப் பதினைந்து வயது. படகு நிற்கும் ஜெட்டியில் பதினெட்டு. எங்கள் பாராடாங் தீவுக்குச் சுண்ணாம்புக் குகை பார்க்க வரும் டூரிஸ்டுகளை ஏற்றிச் செல்லும் மாமாவின் போட்டில் அவன் கயிறு பிடிக்கும் வேலை பார்த்தான். அப்பா கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். கப்பல் கிடைக்கும்போதுதான் வருவார். அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு போட்டுக்குப் போன நாளிலிருந்து அம்மா மீனில் நடுத்துண்டை அவனுக்குத்தான் வைத்தாள். யார் கேட்டாலும் பதினெட்டு என்று சொல்ல வேண்டும் என்று மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். மூன்றாம் வகுப்புப் பிள்ளையான நான் அதை வாய்ப்பாடு போல ஒப்பிப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் பக்கத்து வீட்டு பெங்காலி அத்தை ஓடிவந்து, அண்ணனைப் போலீஸ் பிடித்துவிட்டதாகச் சொன்னாள். போட்டில் ஒரு டூரிஸ்டின் போன் காணாமல் போய், அண்ணனின் சட்டைப்பையில் இருந்ததாம். அம்மா கொதிக்கிற உலையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

போலீஸ் சவுக்கிக்கு வெளியே மாமா எங்களை மடக்கினார். அவர் அம்மாவுக்குத் தம்பி. உலக விஷயம் எல்லாம் தெரிந்தவர் என்பது எங்கள் நம்பிக்கை, அவருடைய நம்பிக்கையும் அதுவே.

“அக்கா, பதினெட்டுன்னே சொல்லு. சின்னப் பையன்னு தெரிஞ்சா மெயின்லேண்டுல இருக்கிற பிள்ளைங்க ஜெயிலுக்குக் கப்பல் ஏத்திருவாங்க. வருஷக்கணக்கா விடமாட்டாங்க.”

அம்மா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

உள்ளே லாக்கப் கதவுக்குப் பக்கத்தில் அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் அழவில்லை. காக்கி உடுப்புப் போட்ட கான்ஸ்டபிள் சாவியை எடுத்துக்கொண்டு, “பதினெட்டு ஆச்சுல்ல? உள்ளே போ” என்று இந்தியில் அதட்டினார். மாமா சொல்லச் சொன்ன அதே வயதை இவர் ஏன் திட்டுவது போலச் சொல்கிறார்?

அப்போது சுடிதார் போட்ட ஒரு பெண் உள்ளே வந்தாள். யாரோ டீச்சர் என்று நினைத்தேன். கான்ஸ்டபிள் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காக்கி போட்டவர், காக்கி போடாதவளுக்கு ஏன் பயப்படுகிறார்?

அந்தப் பெண் அண்ணனை எழுப்பி பெஞ்சில் உட்காரவைத்தாள்.

“இவன் முகத்தைப் பார்த்தா பதினெட்டு மாதிரியா இருக்கு? சந்தேகம் இருந்தாலே பச்சா, சின்னப் பிள்ளைன்னுதான் நடத்தணும். பச்சாவை லாக்கப்பில் போட உனக்கும் அதிகாரம் இல்லை, எனக்கும் இல்லை.”

“எல்லாரும் பதினெட்டுன்னுதான் சொல்றாங்க மேடம்” என்றார் கான்ஸ்டபிள்.

அவள் அம்மாவிடம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்க. சின்னப் பையன்னா இன்னைக்கே உங்க கூட அனுப்பிடுவேன். நாளைக்கு போர்ட் பிளேர்ல பிள்ளைங்க கேஸைப் பார்க்கிற போர்டு முன்னாடி கொண்டுவரணும், நானும் வருவேன். பதினெட்டு ஆயிருந்தா என் கையில் ஒண்ணும் இல்லை.”

அம்மா வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தாள். லாக்கப் கதவைப் பார்த்தாள். பிறகு வெடித்துச் சொன்னாள்: “பதினஞ்சு மேடம்! என் புள்ளைக்குப் பதினஞ்சுதான்!”

அம்மா பயத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் உரக்கச் சொன்னேன்: “இல்ல, பதினெட்டு!”

அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிக் கிடந்தது. அந்தப் பெண் என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

“அண்ணன் உன்னைவிட எத்தனை வயசு பெரியவன்?”

இதற்கு மாமா எதுவும் சொல்லித்தரவில்லை. “ஏழு” என்றேன்.

“உனக்கு எத்தனை?”

“எட்டு.”

அவள் சிரித்தாள், கான்ஸ்டபிள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். நான் என்ன சொல்லிவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. பள்ளிச் சான்றிதழை எடுத்துவரச் சொல்லிவிட்டு, “போட் யாரோடது?” என்று அவள் கேட்டாள். திரும்பிப் பார்த்தால் வாசலில் மாமா இல்லை. வயது குறைந்தவனை வேலைக்கு வைத்தால் போட்டின் பெர்மிட் போய்விடும் என்பதும், மாமாவின் சட்ட அறிவு எங்கிருந்து பிறந்தது என்பதும் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தன.

மறுநாள் விடியலில் பெர்ரியில் ஜலசந்தியைக் கடந்து, காட்டுச் சாலையில் வண்டிகள் போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாயில் பஸ் போனது. வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் போனேன். பிள்ளைகள் கேஸென்றால் போலீஸ் உடுப்பு போடக் கூடாதாம்; அந்தப் பெண் அதே மாதிரி சாதாரண உடையில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கு வேர்க்கடலை கொடுத்தாள். பார்த்தவர்கள் சித்தியும் மகனும் என்றுதான் நினைத்திருப்பார்கள். போர்ட் பிளேரில் சினிமாவில் வரும் கோர்ட்டுக் கூண்டு எதுவும் இல்லை. ஒரு மேஜையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். போட்டின் பலகைக்கு அடியில் தண்ணீரில் கிடந்த போனைத் துடைத்துச் சட்டைப்பையில் வைத்ததாகவும், மாமாவிடம் கொடுப்பதற்குள் பிடித்துவிட்டதாகவும் அண்ணன் சொன்னான். நம்பினார்களா, தெரியாது. புத்தி சொல்லி, இனி போட்டுக்குப் போகக் கூடாது, திரும்பப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பும்போது அம்மா வழியெல்லாம் சாமிகளுக்கு நன்றி சொன்னாள். பெர்ரியில் அந்தப் பெண் அண்ணன் தலையைத் தடவி, “நல்லா படி, பச்சா” என்றாள். அவன் தலையை இழுத்துக்கொண்டான். எதிரே ஒரு போட் போனது. அதன் முனையில், அண்ணன் வழக்கமாக நிற்பது போல, மீசை முளைத்த ஒருவன் கயிற்றோடு நின்றான். அண்ணன் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

“அதான் விட்டுட்டாங்களே அண்ணா, ஏன் அழுவுற?” என்று கேட்டேன்.

“போடி. உனக்கு ஒண்ணும் தெரியாது.”

திங்கட்கிழமை அம்மா அவனுக்குப் பழைய யூனிபாரத்தை மாட்டிவிட்டாள். கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. அன்று மீனில் நடுத்துண்டு எனக்கும் பாதி கிடைத்தது. என் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து அவனும் ஜெட்டியைத் தாண்டி நடந்தான், யாரையும் பார்க்காமல். எல்லாரும் அவனை விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அவன் மட்டும் ஏன் யாரோ பிடித்துக்கொண்டு போவது போல நடந்தான் என்று எனக்குப் புரியவில்லை.