துப்பாக்கிகளில் கட்டிய தோல் துண்டுகள்

"தம்பி, கெட்டியான தோலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துண்டுகள் வெட்டி, ஓரத்தில் ஓட்டை போட்டு நூறு அனுப்பு. அட்டையில் எழுதினால் எண்ணெயில் ஊறிக் கிழிந்துவிடுகிறது."

ராணுவத்திலிருந்து அண்ணன் எனக்கு எழுதிய இன்லண்ட் கடிதம் இது. மேலே 14 செப்டம்பர் என்று இருக்கிறது. ஆண்டு இல்லை. அவர் எழுதிய எந்தக் கடிதத்திலும் ஆண்டு கிடையாது. கேட்டால், "இது இன்னா வருஷம்னு உனக்குத் தெரியாதா?" என்பார். அன்று தெரிந்திருக்கும். இன்று தெரியவில்லை. அஞ்சல் முத்திரையிலும் மை பரவியிருக்கிறது. குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் தேதியோடு குறித்துவைக்கும் எனக்கு, சொந்த அண்ணனின் நினைவு மலருக்கு எழுதும்போது இப்படி ஒரு சோதனை.

முதலில் ஒரு திருத்தம். இறுதிச் சடங்கின்போது மருமகன்கள் தெருமுனையில் வைத்த பேனரில், 'எல்லையில் எதிரிகளை விரட்டிய வீரர்' என்று அச்சடித்திருந்தார்கள். அண்ணன் யாரையும் விரட்டவில்லை. அவர் ஆயுதக் கிடங்கில் துப்பாக்கி பழுது பார்ப்பவர். அதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். பேனரைப் பார்த்திருந்தால் அவரே எழுந்து வந்து கிழித்திருப்பார்.

அண்ணன் ஆலங்காயத்துக்கு அருகில் பிறந்தார். அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை கிடைத்ததும் ஆம்பூருக்கு வந்தோம். நான் அப்பாவோடு தோல் வேலைக்குப் போனேன். அண்ணன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே அவர் கைக்கு வந்தவை எஸ்.எல்.ஆர். என்ற பழைய துப்பாக்கிகள். விடுப்பில் வரும்போதெல்லாம் அவற்றைப் பற்றித்தான் பேச்சு. எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

குண்டு வெடிக்கும்போது உண்டாகும் வாயுவில் கொஞ்சம், குழாயில் உள்ள சிறு துளை வழியாகப் பிரிந்து ஒரு தண்டைத் தள்ளும். அந்த வேகத்தில் வெற்றுத் தோட்டா வெளியே விழும். அடுத்தது உள்ளே ஏறும். வாயு போதாவிட்டால் துப்பாக்கி பாதியில் நிற்கும். அதிகமானால் உள்ளே இருக்கும் பாகங்களைச் சுத்தியலால் அடிப்பதுபோல் அடிக்கும். வெற்றுத் தோட்டாவை இழுக்கும் கொக்கி உடையும். வேண்டாத வாயுவை வெளியே விடுவதற்கென்றே எண் போட்ட ஒரு வளையம் இருக்கிறது. அதை நன்றாகத் திறந்து வைத்து, ஒவ்வொரு தோட்டாவாகச் சுட்டுப் பார்த்து, துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்யும் வரை சிறிது சிறிதாக மூட வேண்டும். பிறகு இன்னும் ஓரிரு எண் மூடலாம். அதற்கு மேல் தொடக்கூடாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண் வேறு.

ஜவான்கள் கேட்பார்களா? சுடும் பயிற்சியில் அதிகாரி எதிரே துப்பாக்கி நின்றுவிட்டால் அவமானம் என்று வளையத்தை ஒரேயடியாக மூடிவிடுவார்கள். உடைந்த கொக்கிகள் அண்ணன் மேசைக்கு வரும். "நிக்காம ஓடினா போதும் இவனுங்களுக்கு. உள்ள இருக்கிறது இரும்பா, இவனுங்க மாமனாரா, இந்த அடி அடிக்கிறானுங்க?" என்று பொரிவார். அதனால்தான் எண்ணை எழுதி ஒவ்வொரு துப்பாக்கியிலும் கட்டித் தொங்கவிட முடிவு செய்தார். அதற்குத்தான் தோல் துண்டுகள். வெட்டி அனுப்பியது நான்.

அண்ணன் ஹவில்தாராகவே ஓய்வு பெற்றார். அடுத்த பதவி ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரே காரணம்தான் உண்டு: வாயு விஷயத்தில் அதிகாரியோடு சண்டை போட்டார். அண்ணி பல ஆண்டுகள் இதைச் சொல்லிக் காட்டினார். "வாய வெச்சிக்கினு சும்மா இருந்திருந்தா இன்னைக்கு பென்ஷனாவது ஜாஸ்தி வந்திருக்கும்." அண்ணன் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

ஓய்வுக்குப் பின் ஷூ கம்பெனியில் இயந்திரப் பராமரிப்பு வேலை பார்த்தார். அங்கேயும் காற்றழுத்தத்தை யாராவது கூட்டி வைத்தால் சண்டைதான். கடைசியாக வேலூர் மருத்துவமனையில் இருந்தபோது, "பி.பி. ஜாஸ்தியா இருக்கு தாத்தா" என்றார் செவிலியர். "யாரும்மா ஏத்தி வெச்சது?" என்று கேட்டார் அண்ணன். மூன்றாம் நாள் காலையில் காலமானார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அரக்கோணத்திலிருந்து பலராமன் அண்ணன் வந்தார். ஆயுதக் கிடங்கில் அண்ணனோடு வேலை செய்தவர். சாப்பிட்டு முடித்ததும் என்னருகில் உட்கார்ந்தார்.

"அந்தத் தோலு அனுப்பினது நீதானே தம்பி?"

"ஆமாண்ணே. நூறு துண்டு."

"அப்புறம் இன்னா ஆச்சுன்னு சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல மாட்டாரு. மழைக்காலம் முடிஞ்சு இன்ஸ்பெக்‌ஷன். தோலு பட்ட எடமெல்லாம் துரு. ஒண்ணு ரெண்டு இல்லப்பா, கட்டினது அத்தனையும். வளையத்து நம்பரு, கேஸ் எவ்ளோ போவுதுன்னு கணக்கெல்லாம் நோட்டு போட்டு எடுத்துக்கினு போனாரு. அதிகாரி நோட்டைத் தொறக்கவே இல்ல. 'அது கெடக்கட்டும், இந்தத் துருவுக்கு பதில் சொல்லு'ன்னுட்டாரு."

"தோல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கலியா?"

"கேட்டாங்க. லீவுல போனப்ப நானே பாத்து எடுத்தாந்தேன்னாரு. துண்டு அத்தனையும் கழட்டிப் போட்டுட்டாங்க. மறுபடியும் எல்லா வளையமும் ஃபுல்லா மூடிக்கிச்சு."

பதனிடும்போது தோலில் உப்பும் அமிலமும் ஏறும். சரியாக அலசாவிட்டால் அவை அங்கேயே தங்கி ஈரத்தை இழுக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஈரத் தோலில் இரும்பு பட்டுக் கறை விழக்கூடாது என்பதற்காகத்தான் நாங்கள் தொழிற்சாலையில் கத்துவோம். இரும்பால் தோல் கெடும் என்ற ஒரு பக்கம் மட்டுமே எங்கள் கண்ணுக்குத் தெரியும். தோலால் இரும்பு கெடும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. நான் அனுப்பியவை தரையில் கிடந்த, அலசாத வெட்டுத் துண்டுகள்.

அண்ணனிடம் எனக்குக் கோபம் இருக்கிறது. ஓய்வுக்குப் பின் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தெருவில் இருந்தோம். வாயு வளையத்தைப் பற்றி நூறு முறை சொன்னவர், இதை ஒருமுறை சொல்லியிருக்கலாம். அண்ணியிடம் நானே சொன்னேன். "அத்தனை வருஷம் திட்டினேனே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமில்ல" என்றார்.

மருத்துவமனைக்கு மாறி மாறி வந்து துணையிருந்த மருமகன்களுக்கும் (பேனரை மன்னித்துவிட்டேன்), பதினாறு நாளும் சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், முதுகுவலியோடு ரயிலில் வந்த பலராமன் அண்ணனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பதவி உயர்வுப் பட்டியலில் அண்ணன் பெயர் விடுபட்டது துருவைக் கண்டுபிடித்த அந்தச் சோதனைக்கு முன்பா, பின்பா என்பது தெரியவில்லை. பலராமன் அண்ணன் முதலில் முன்பு என்றார். தேநீர் குடித்த பிறகு பின்பு என்றார். ராணுவ ஆவண அலுவலகத்துக்கு இரண்டு முறை எழுதினேன். இந்த மலர் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. எனவே, அண்ணனின் பதவி என் தோலால் போனது என்பது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.