ஆ சொல்ல வந்தவர்கள்

கெட்டுப்போன குரலைத் தேடிப் பிடித்து மைக் முன்னால் உட்கார வைப்பது எங்கள் தொழில். வருகிற வழியிலேயே அதைப் பாதி சரிசெய்துகொண்டு வந்து நிற்பது மதுரைக்காரர்களின் வழக்கம்.

நான் டாக்டர் இல்லை. வீட்டை மேய்த்தவள். பிள்ளைகள் வெளியூர் போய், அதட்ட ஆள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்த நேரத்தில் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். கான்வென்ட்டில் எனக்குக் கீழ் வகுப்பில் படித்தவள். இப்போது காளவாசல் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டர். "அக்கா, குரலைப் பத்தி ஒரு ஆராய்ச்சி பண்றேன். போன் போட்டு ஆளுகளை வர வைக்கணும், ரூமுக்குள்ள உட்கார வச்சு வாசிக்க வைக்கணும். நர்ஸ் பிள்ளைக கூப்பிட்டா 'நாளைக்கு வாரேன்'ங்கிறாங்க. நீங்க கூப்பிட்டா வராம இருக்கப் பயப்படுவாங்க" என்றாள். பாராட்டா, குத்தலா என்று யோசிக்காமல் சேர்ந்துவிட்டேன். காலை நேரம் மட்டும்தான் வேலை.

ஆராய்ச்சி இதுதான். டீச்சர்கள், ஏலம் போடுகிறவர்கள், கடை வாசலில் கூவுகிறவர்கள் எல்லாம் தொண்டையை வைத்துப் பிழைப்பவர்கள். கத்திக் கத்தி அவர்களின் குரல் நாண்கள், மண்வெட்டி பிடித்த கைபோலக் காய்த்துப் போகும். அப்படி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு உடனே குரல் பயிற்சி. மீதிப் பேருக்கு இப்போதைக்கு அறிவுரை மட்டும்: தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள். பயிற்சி சில மாதம் கழித்து. யார் எந்தப் பக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். டாக்டரே நினைத்தாலும் மாற்ற முடியாது. கடைசியில் இரண்டு பக்கத்துக் குரலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒரே கேள்வியை நாள் பூராவும் வேறு வேறு முகத்திடம் கேட்கிற உத்தியோகம் பார்ப்பவர்களே, மேலே படியுங்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பரீட்சைக்கு வந்த தொண்டை

பாண்டி அண்ணன் பூ மார்க்கெட்டில் மல்லிகை ஏலம் போடுகிறவர். போனில் அவர் பேசியபோது தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்த மாதிரி இருந்தது. எங்களுக்கு இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? உடனே வரச்சொன்னேன். சொன்ன நாளில், சலவைச் சட்டையும் விபூதியுமாக வந்து உட்கார்ந்து, "வணக்கம்க்கா" என்றார். குரல் ஓடைத் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. நான் தப்பான ஆளைக் கூப்பிட்டுவிட்டேனோ என்று நம்பரைச் சரிபார்த்தேன். அதே ஆள்தான்.

விசாரித்தால், டெஸ்ட் என்று நான் சொன்ன நிமிஷத்திலிருந்து மனிதர் வாயே திறக்கவில்லை. ஏலத்தை மச்சினனிடம் விட்டுவிட்டு, வீட்டில் சைகையில் சாப்பாடு கேட்டு, பனங்கற்கண்டையும் மிளகையும் ஓயாமல் மென்று, தொண்டையைத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருக்கிறார். "டாக்டர் கேக்கப் போறாங்க, அழுக்குத் தொண்டையோடவா வரமுடியும்?" என்றார். எங்களுக்கு அந்த அழுக்குதானே வேண்டும் என்று விளக்கி, "போய் வழக்கம்போல ஏலத்தைப் போடுங்க, அப்புறம் இருக்கிறபடியே வாங்க" என்று அனுப்பினேன். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"ஏன்க்கா, வாடின பூவைத்தான் கொண்டாரணும்னு முதல்லயே சொல்லிருந்தா, நான் மச்சினன்கிட்ட ஏலத்தை விட்டிருக்க மாட்டேன், அவனும் மல்லியைச் சீரழிச்சிருக்க மாட்டான்ல?"

குலுக்கலில் விழுந்த டீச்சர்

ஜெயராணி திருவாதவூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. நிரந்தரம் இல்லாத வேலை. பேச வாயைத் திறந்தால் முதல் பாதி காற்று, அடுத்த பாதி கீச்சு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் காற்றால் அடக்க முடியுமா? தலைமையாசிரியை சிஸ்டர் சொல்லிவிட்டாராம்: ஜூனில் பள்ளி திறப்பதற்கு முன் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும், கடைசி பெஞ்சுக்குக் கேட்காவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள்.

அப்போது பங்குனி. நேரம் இருக்கிறது, பயிற்சிப் பக்கம் விழுந்தால் போதும் என்று ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறிவுரைப் பக்கம் விழுந்தார். பயிற்சி கிடைக்க ஆடி ஆகிவிடும். அந்தக் கம்ப்யூட்டரை ஓங்கி அடிக்கலாம் போல இருந்தது. ஜெயராணி மட்டும், வகுப்பில் பேர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி எழுந்து நின்றார்.

"பரவாயில்ல மேடம், யாராச்சும் ஒருத்தர் இந்தப் பக்கம் உட்காரத்தானே செய்யணும்?"

ஒரு காது போதும்

நாங்கள் எல்லோரையும் "ஆ" சொல்லச் சொல்வோம். மூச்சு உள்ளவரை இழுக்க வேண்டும். சொல்லச் சுலபம். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொல்வார்கள். ஆண்கள் போட்டிக்கு நிற்பார்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், முகம் சிவக்க இழுத்து முடித்துவிட்டு, "எனக்கு முந்தி வந்தவரு எம்புட்டு இழுத்தாரு?" என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றதும், இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக இழுத்தார். கதவைச் சாத்தியிருந்தாலும் அது வராண்டாவுக்கு ஒரு ஆள் கதறுகிற மாதிரிதான் கேட்டிருக்கும்.

வெளியே வந்து பார்த்தால், காது அடைப்புக்காக வந்து காத்திருந்த பெரியவர் ஒருவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்பைத் தேடுகிறார். "உள்ள ஒண்ணும் பண்ணலைங்க, சும்மா ஆ சொல்லச் சொல்றோம்" என்றேன். அவர் நம்புகிற மாதிரி தெரியவில்லை. பாய் வேறு அந்த நேரம் பார்த்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, தள்ளாடி வெளியே வந்தார். பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு இன்னொரு காது நல்லாத்தான் இருக்கு தாயி, அதை வச்சு ஓட்டிக்கிறேன், வாரேன்."

நல்ல குரலுக்கு ஒரு மாதிரி

கெட்ட குரலை எதனோடாவது ஒப்பிட வேண்டுமே. அதற்கு நல்ல குரல்காரர்கள் வேண்டும். வெளியாள் எவரும் சும்மா மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தொண்டையைக் காட்ட வரமாட்டார். ஆகவே ஆராய்ச்சிகளில் நல்ல உடம்புக்கு மாதிரி காட்டுவது எப்போதும் வேலைக்கு வந்தவர்கள்தான். என்னையும் உட்கார வைத்தார்கள். வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவருகிறார், "இப்படிக் கத்துனா ஒருநாள் தொண்டை கிழிஞ்சுதான் போகும்" என்று. அவர் சொன்னது நிஜமாகிவிட்டால் சாகும்வரை சொல்லிக் காட்டுவாரே என்பதுதான் என் கவலை.

திரையில் என் குரல் நாண்கள் தெரிந்தன. வெள்ளையாக, வழுவழுவென்று, புதுக் கல்யாண வீட்டு வேட்டி மாதிரி. ஒரு காய்ப்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. அந்தப் படத்தை அன்றே வீட்டுக்குக் கொண்டுபோய் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஆனால் அதற்கு முன் டாக்டர் ஒன்று சொன்னாள்; அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

"உங்க தொண்டையில ஒரு குறையும் இல்லக்கா, அடுத்த தடவை வரும்போது சாரைக் கூட்டிட்டு வாங்க, அவர் காதைத்தான் பாக்கணும்."

தம்ளரும் ஸ்ட்ராவும்

பாண்டி அண்ணன் பயிற்சிப் பக்கம். ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, "ஊ" என்று குரல் கொடுத்தபடி ஊத வேண்டும். தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழி வரும். குரல் நாண்கள் முட்டிக்கொள்ளாமல் மெதுவாக அதிரப் பழகும். பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு. வேலை செய்வதென்னவோ நிஜம். மார்க்கெட்டில் பூக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து இவர் ஊத, "இளநி முடிஞ்சும் உறிஞ்சுறாரு பாரு" என்று கூட இருப்பவர்கள் கேலி பேசினார்களாம். சித்திரைத் திருவிழா, அழகர் இறங்குகிற சமயம், ஏலம் உச்சத்தில். அப்படியும் அவர் தொண்டை தாக்குப்பிடித்தது.

இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரையொருவர் சந்திக்கக் கூடாது, சந்தித்தால் பயிற்சி கை மாறிவிடும். அதற்காகவே தனித்தனி நாள் கொடுப்போம். திருவிழாவால் நாள் தவறிய பாண்டி அண்ணன், தோதுப்பட்ட நாளில் வந்துவிட்டார். அது அறிவுரைக்காரர்கள் நாள். நம் ஊரில் இரண்டு பேர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் வியாதியும் வைத்தியமும் மாறாமல் எழுந்திருப்பார்களா? ஜெயராணியின் குரலைக் கேட்டதும் இவருக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்து தம்ளரையும் புது ஸ்ட்ராவையும் எடுத்து, "டீச்சர், இதை இப்படி ஊதுங்க, சுலபம்" என்று நீட்டிவிட்டார். நான் ஓடிவருவதற்குள் ஜெயராணி தலையைத் திருப்பிக்கொண்டு, "வேணாம்ண்ணே, அது என் பக்கம் இல்ல" என்று கண்ணையே மூடிக்கொண்டுவிட்டார். பாண்டி அண்ணன் என்னைப் பார்த்தார்.

"ஒரு தம்ளர் தண்ணியைக் காட்டினா, கள்ளச்சாராயத்தைக் கண்ட மாதிரி கண்ணை மூடுறாங்களேக்கா!"

போகலாம் என்று சொன்னால் போக வேண்டும்

எனக்கு அன்று பொறுமை போய்விட்டது. ஜெயராணியைத் தனியாகக் கூட்டிப் போய், "சேரும்போதே சொன்னேனா இல்லையா, எப்ப வேணாலும் விலகிக்கலாம், விலகினா மறுநாளே வைத்தியம் உண்டுன்னு? உங்களுக்கு ஜூன்ல வேலை இருக்குமான்னு தெரியாது. இங்க உட்கார்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கீங்களே!" என்றேன். "கையெழுத்துப் போட்டுட்டேனே மேடம், பாதியில விட்டா டாக்டர் வேலை கெட்டுப்போகாதா?" என்று காற்றாகச் சொன்னார். கன்னியாஸ்திரிகள் வளர்த்த பிள்ளைகளுக்கு வருகிற வியாதி இது. சொன்ன வரிசையில், சொன்ன இடத்தில், நகராமல் நிற்போம். விடுதலை என்று மணி அடித்தாலும் இன்னொரு மணிக்குக் காத்திருப்போம். எனக்கும் இருந்தது, கல்யாணமான மறு வருஷம் போய்விட்டது.

"டீச்சர், நீங்க எழுதிக் குடுத்தது சம்மதத்தை. கழுத்தை இல்ல" என்று சொல்லி, கையைப் பிடித்து டாக்டர் அறைக்கு இழுத்துப் போனேன். ஆராய்ச்சியில் ஓர் ஆள் குறைவது சின்ன விஷயம் இல்லை; ஆள் சேர்க்க நாங்கள் படுகிற பாடு எங்களுக்குத்தான் தெரியும். டாக்டர் முகம் ஒரு கணம் சுருங்கத்தான் செய்தது. அப்புறம், ஜூன் கதை தனக்கு ஏன் முன்னமே தெரியாது என்று இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது. மறுநாளிலிருந்து மாடியில், பேச்சுப் பயிற்சியாளரிடம், சாயங்கால நேரத்தில் வரச்சொன்னாள். ஜெயராணி அழ ஆரம்பித்தார். அழுகையும் சத்தமில்லாமல்தான் வந்தது. அவரை அனுப்பிவிட்டு, "உன் கணக்குல ஒரு ஆளைக் கெடுத்துட்டேன்" என்றேன்.

"ஆராய்ச்சிக்கு இன்னொரு ஆளை நீங்களே மிரட்டிக் கூட்டியாந்துருவீங்கக்கா, அந்தப் பிள்ளைக்கு இன்னொரு தொண்டையை யாரு கொண்டுவருவா?"

யார் பேசுறது

அதற்குப் பிறகு ஜெயராணியை நான் பார்க்கவில்லை. நான் காலை, அவர் சாயங்காலம். எப்படி இருக்கிறது என்று கேட்டால் மாடியில் இருக்கிற பயிற்சியாளர், "ஊதிக்கிட்டு இருக்காங்க" என்பார். எங்களுக்குப் புரிகிற மாதிரி பேசுவது அவர்கள் படிப்பிலேயே இல்லை போலிருக்கிறது. மே முடிந்தது. பள்ளி திறக்கப் போகிறது என்று பேப்பரில் போட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் என்னவென்று கேட்டதற்கு அவர்மீது பாய்ந்தேன்.

அடுத்த வாரம், அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்கும்போது போன். தெரியாத லேண்ட்லைன் நம்பர். "வணக்கம் மேடம், நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு பெண் குரல், தேன் தடவின மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. இப்படிப் பேசினால் நமக்குத் தெரியாதா என்ன? "எங்களுக்கு லோனும் வேணாம், மனையும் வேணாம், வைம்மா போனை" என்று துண்டித்தேன். மறுபடி அடித்தது. எடுத்துத் திட்ட வாயைத் திறந்தேன்.

"ஜெயராணி பேசுறேன் மேடம். ஸ்கூல் போன்ல இருந்து. பாடம் நடத்திக் காட்டிட்டேன், கடைசி பெஞ்சுல உட்கார்ந்து சிஸ்டரே கேட்டாங்க. கழுத்துல ஒரு சின்ன மைக்கை மாட்டிக்கோன்னுட்டு, ஒண்ணாங்கிளாஸை எனக்கே குடுத்துட்டாங்க."

எனக்கே குரல் அடைத்துக்கொண்டது. யாரிடமும் சொல்லாதீர்கள், நான் நல்ல குரலுக்கு மாதிரி. அத்தனை நாள் பழகியும் அவருடைய சொந்தக் குரலை அன்றைக்குத்தான் முதல்தடவையாகக் கேட்கிறேன். பின்னால் பிள்ளைகள் போடுகிற கூச்சல். அதற்கு மேலே, கத்தாமலே, அந்தக் குரல் நின்றது. அந்தப் பக்கம் சிரித்தார்.

"இம்புட்டு நாள் என் குரலைத் தேடினது நீங்கதான், அது தேடி வந்தா வைம்மா போனைங்கிறீங்களே மேடம்?"

கெட்ட குரலைப் போனிலேயே கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, நல்ல குரல் ஒன்று வீடு தேடி வந்தபோது லோன்காரியாகக் கேட்டது என்றால், எங்கள் வீட்டில் முதலில் சோதிக்க வேண்டிய காது வீட்டுக்காரருடையது இல்லை.