வியாழன் வரை பெற்றிசியாவின் வள்ளம்

பென்சன் எடுத்த பெண் என்ன செய்ய வேண்டும் என்று பேசாலை ஊர் எப்போதோ தீர்மானித்து வைத்திருக்கிறது. விடியற்காலைப் பூசைக்குப் போக வேண்டும். கூடப்பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். ஆவணித் திருநாளுக்கு மடு மாதா கோயிலுக்குப் போய்க் கூடாரம் அடித்து இருந்துவிட்டு வர வேண்டும். கலியாணம் செய்யாதவள் என்றால் இதெல்லாம் இரண்டு மடங்கு. மன்னார் ஆசுபத்திரியில் சிற்றூழியராக ஆயுளில் பாதியைக் கழித்த பெற்றிசியா, பாய்மர வள்ளம் ஒன்றை ஆட்களோடு வாடகைக்குப் பிடித்துத் தீவு தீவாகச் சுற்றப் போகிறேன் என்று சொன்னபோது, அண்ணன் அந்தோனிமுத்து வாய்க்குக் கொண்டுபோன தேத்தண்ணியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"என்னத்துக்கு?"

"சும்மா. பாக்க."

"பிறந்த நாள் தொட்டு கடலைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறாய்."

"கரையில இருந்து பாத்தனான். இனிக் கடல்ல இருந்து கரையைப் பாக்கப் போறன்."

"ஆரோட?"

"தனிய."

அந்தோனிமுத்துவுக்கு இரண்டு படகு. மீனவர் சங்கத்திலும் தலைவர். ஊரில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று அவரே அடிக்கடி சொல்லுவார். பெண் கால் வைத்த வள்ளத்தில் மீன் படாது என்பது அந்தக் குடும்பத்தில் வேதவாக்கியம். பெற்றிசியா சின்னப்பிள்ளையாக இருந்தபோது, கரையில் இழுத்து விட்டிருந்த தகப்பனின் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தகப்பன் அவளைத் தூக்கி மணலில் எறிந்தார். அண்ணன் கோயிலுக்கு ஓடிப்போய்ப் போத்தலில் தீர்த்தம் கொண்டுவந்தார். அவள் இருந்த பலகையில் தெளித்தார்கள். அவள் கால் பட்ட இடத்திலும் தெளித்தார்கள். நாய் ஏறிய வள்ளத்தைக் கடல்தண்ணீரில் கழுவினால் போதும். அவள் ஏறியதற்குத் தீர்த்தம் தேவைப்பட்டது. மணலில் விழுந்த நோவு அன்றைக்கே போய்விட்டது. அந்தப் போத்தல் இன்றைக்கும் அவள் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு யுத்தம் வந்தது. இந்தியாவுக்கு ஓடுகிற காலத்தில் அதே வள்ளங்களில் பெண்களையும் கைக்குழந்தைகளையும் அடுக்கி ஏற்றினார்கள். அப்போது எவரும் மீனைப் பற்றிப் பேசவில்லை. ஆசுபத்திரி வேலையை விட்டுப் போக மனமில்லாமல் பெற்றிசியா நின்றுவிட்டாள். அந்தப் பயணமும் அவளுக்கு வாய்க்கவில்லை. உயிருக்குப் பயந்து ஓடினால் ஏறலாம், ஆசைப்பட்டு ஏறக்கூடாது என்றால் அது என்ன நியாயம்? இந்தக் கேள்வியை அவள் வருடக்கணக்காக மனதுக்குள் வைத்திருந்தாள். இப்போது வெளியே எடுத்துவிட்டாள்.

"பேசாலைப் படகு ஒண்டும் உன்னை ஏத்தாது. சொல்லிப்போட்டன்," என்றார் அந்தோனிமுத்து.

"பேசாலைப் படகை ஆர் கேட்டது? அதுகளின்ர எஞ்சின் சத்தத்தை ஒவ்வொரு விடியவும் சும்மா கேக்கிறன். காசு குடுத்து வேற கேக்கோணுமோ?"

அன்றைக்கே கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு வள்ளம் தேடத் தொடங்கினாள். விளம்பரங்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் வெள்ளைக்காரர்கள் சிரித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். முதலில் அழைப்பு எடுத்த இடத்தில், வள்ளத்துக்கு என்று அவள் வாய் திறந்ததுமே, "சமையலுக்கு ஆள் எடுத்திட்டம் அம்மா," என்று பதில் வந்தது.

"தம்பி, நான் சமைக்க வரேல்லை. சாப்பிட வாறன்."

மறுபக்கத்தில் விலையைச் சொன்ன விதத்திலேயே அவள் வரமாட்டாள் என்று நம்புவது தெரிந்தது. இரண்டாவது இடத்தில் மரியாதையாகப் பேசினார்கள். ஆனால் ஆம்பிளை ஒருவர் கூட வர வேண்டுமாம்.

"என்னத்துக்கு?"

"உங்கட பாதுகாப்புக்குத்தான், மிஸ்."

"ஆரிட்ட இருந்து? உங்கட ஆக்களிட்ட இருந்தோ?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மூன்றாவது வள்ளம் படத்தில் அழகாக இருந்தது. வெள்ளைப் பாய், குளிர்சாதனப் பெட்டி, பாட்டுப்பெட்டி, கலர் கலராக லைற். பெற்றிசியாவுக்கே மனம் சறுக்கியது. பேரம் எல்லாம் முடிகிற நேரத்தில், காற்று மாறினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"ஒண்டும் நடக்காது அன்ரி. நாங்கள் எந்தக் காத்துக்கும் போவம்."

நன்றி சொல்லிவிட்டுக் கைபேசியை வைத்தாள். ஒன்றும் நடக்காது என்று சொல்லிப் போனவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். கடல் திருப்பித் தந்த பிறகு அவர்களைத் துடைத்து, தலையைச் சீவி, பெண்சாதி பிள்ளைகள் பார்க்கக்கூடிய விதமாக வெள்ளைச் சீலை போர்த்துவது அவளுடைய வேலையாக இருந்தது. அந்த வேலையை அவள் ஒருபோதும் அருவருத்ததில்லை. வீறாப்பில் போய்ச் சேர்ந்தவர்கள் மீது ஆத்திரப்பட்டிருக்கிறாள்.

கடைசியில் எருக்கலம்பிட்டி றிபாத்தின் வள்ளத்தைப் பார்க்கப் பஸ் ஏறினாள். றிபாத் புத்தளம் பக்கத்தில் அகதியாக வளர்ந்து, அங்கே பாய் ஓட்டப் பழகி, பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவன். அவனுடைய மனைவி றிம்ஷாவும் வள்ளத்தில் போகிறவள். சமையல் அவள் பொறுப்பு. அவன் பாயோடு மல்லுக்கட்டும்போது சுக்கானும் அவள் கையில். வள்ளத்தில் பளபளப்பு ஒன்றும் இல்லை. பாயில் இரண்டு இடத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. பெற்றிசியா ஏறாமல் வெளியில் நின்றே எல்லாவற்றையும் காட்டச் சொன்னாள். உயிர்காப்பு அங்கிகளின் கொளுக்கிகளைப் பூட்டிப் பூட்டித் திறந்தாள். மருந்துப் பெட்டியில் காலம் முடிந்த களிம்பு ஒன்றைக் கண்டு எடுத்து எறியச் சொன்னாள். பிறகு றிம்ஷாவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டுபோய்க் குசுகுசுத்தாள்.

"கக்கூசுக்குக் கதவு இருக்கோ?"

"இருக்கு அக்கா."

"உள்ளால பூட்டலாமோ?"

"நான் சொல்லித்தான் பூட்டுப் போட்டது."

பாதி மனம் அங்கேயே நிறைந்துவிட்டது. மீதிக்கு றிபாத்திடம் வந்து, காற்று மாறினால் என்ன செய்வாய் என்று கேட்டாள்.

"திரும்பிடுவன் அக்கா."

"போகத்தான் வேணுமெண்டு நான் பிடிவாதம் பிடிச்சால்?"

"நீங்கள் ஏசினாலும் திரும்புவன்."

றிம்ஷா முகத்தைச் சுளித்தாள். "என்ர தம்பிட கலியாணத்துக்குப் போகேக்கயே பாதி வழியில திரும்பின ஆள் இது. இன்னும் எங்கட வீட்டில அந்தக் கதை ஓடுது."

இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் எந்தக் கந்தோரில் கிடைக்கும்? உயிர்த்த ஞாயிறான பாஸ்குப் பெருநாள் முடிந்த பிறகு வரும் திங்கள் தொடக்கம் வியாழன் வரை என்று அங்கேயே பேசி முடித்தாள். இரணைதீவு, பாலைதீவு, முடிந்தால் நெடுந்தீவு.

திங்கட்கிழமை விடிய றிபாத் பேசாலைக் கரைக்கு வந்தபோது, அந்தோனிமுத்து சங்கத்துக்காரர் சிலரோடு கரையிலிருந்த மீன்வாடியடியில் நின்றார். தங்கை பையோடு தண்ணீரில் இறங்குவதைப் பார்க்கவில்லை என்று காட்டுவதற்காக முதுகைத் திருப்பிக்கொண்டார். அப்படிக் காட்டுவதற்கும் ஒரு மனிதன் அங்கே வந்துதானே நிற்க வேண்டியிருந்தது. பெற்றிசியா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, றிம்ஷா நீட்டிய கையைப் பிடித்து ஏறினாள்.

பாய் விரிந்ததும் சின்ன எஞ்சினை நிறுத்தினார்கள். வள்ளத்தின் பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டுமே மிஞ்சியது. கோயில் கோபுரம் சிறுத்துக்கொண்டே போனது. சங்கக் கட்டடம், அண்ணன் வீட்டு மாடி, அவளைக் கேள்வி கேட்ட அத்தனை வாசல்களும் அவளுடைய ஒரு கைக்குள் அடங்கின. இவ்வளவு சின்ன ஊருக்கா இவ்வளவு காலம் பயந்தேன் என்று நினைத்துச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. றிம்ஷா பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்தாள்.

இரணைதீவு கண்ணுக்குப் படுமுன்னே காற்று மாறியது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகம் அந்த வருடம் முந்திக்கொண்டு வந்தது. முதுகில் தள்ளிய காற்றில் வள்ளம் வேகமெடுத்தது; பெற்றிசியாவுக்கு அது நல்லதாகத்தான் பட்டது. ஆனால் றிபாத் வானத்தைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"போறது லேசு அக்கா. இந்தக் காத்துக்கு எதிர்த்துத் திரும்பி வாறதுதான் ஏலாது."

கரையில் அண்ணன் நிற்பது அவளுக்கு இங்கேயே தெரிந்தது. அவர் சிரிக்கப்போகும் சிரிப்பும் கேட்டது. போ என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சொல்லால் செத்தவர்களைத் துடைத்த கைகள் மடியில் கிடந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு, "திருப்பு," என்றாள்.

பேசாலைக் கரை சோழகத்துக்கு மறைவு. இடுப்பளவு தண்ணீரில் நங்கூரம் போட்டார்கள். காற்று விட்ட பிறகு இன்னொரு நாள் போகலாம், இப்போது வீட்டுக்குப் போங்கள் என்றான் றிபாத். அதற்குள் கரையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அந்தோனிமுத்து இப்போது முதுகைத் திருப்பவில்லை.

"என்ன, தீவெல்லாம் பாத்து முடிஞ்சுதோ?" என்று கத்தினார். கூட்டம் சிரித்தது.

பெற்றிசியா எழும்பி நின்றாள். "வியாழக்கிழமை வரைக்கும் இது நான் பிடிச்ச வள்ளம்! இறங்கமாட்டன்!"

இறங்கவும் இல்லை. பாயை இறக்கிப் பந்தல் மாதிரிக் கட்டச் சொல்லி, அதன் நிழலில், ஊர் முழுக்கப் பார்க்கும்படியாக, கால்களை நீட்டிக்கொண்டு றிம்ஷாவின் கணவாய்க் கறியும் சோறும் சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமையும் அங்கேயே இருந்தாள். தையல் இல்லை, துடைப்பம் இல்லை, எவருடைய பேரப்பிள்ளையும் இல்லை. கரையில் முதலில் சிரித்தவர்கள் அலுத்துப் போனார்கள். பிறகு பெண்கள் வந்தார்கள். அவர்கள் சிரிக்கவில்லை, வள்ளத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்கள்.

பின்னேரம் அந்தோனிமுத்துவின் மனைவி அருள்நாயகி, சட்டியில் பிட்டோடு தண்ணீருக்குள் நடந்து வந்தாள். சட்டியை நீட்டிவிட்டுத் திரும்பவில்லை.

"மச்சாள், ஒருக்கா ஏறிப் பாக்கட்டோ?"

ஏறினாள். பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். இருட்டுமுன் இறங்கி வீட்டுக்குப் போனாள். புதன்கிழமை விடியக் காற்று அடங்கி, இரணைதீவுக்கு மட்டும் போய் வரலாம் என்று றிபாத் நங்கூரக் கயிற்றில் கை வைத்த நேரம், ஒரு சின்னப் பையோடு திரும்பவும் வந்து ஏறி உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்தோனிமுத்து.

தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தது. முகம் கறுத்திருந்தது. "நீ கெட்டது காணாதெண்டு என்ர மனுசியையும் ஏத்துறியோ?"

"நான் ஏத்தேல்லை. அவவே ஏறினவ."

"ரெண்டு பேரும் இறங்குங்கோ. ஊர் பாக்குது."

"இந்தியாவுக்கு ஓடேக்கயும் ஊர் பாத்தது, அண்ணன். அப்ப உங்கட கையாலதானே ஏத்திவிட்டனீங்கள்?"

அருள்நாயகி தலையைக் குனிந்திருந்தாலும் பையை விடவில்லை. அந்தோனிமுத்து வள்ளத்தின் விளிம்பை எட்டிப் பிடித்து ஏற எத்தனித்தார். பெற்றிசியாவுக்கு அந்தக் கையைத் தெரியும். சின்ன வயதில் போத்தலைப் பிடித்திருந்த கை அது. அண்ணன் மீது அன்பும் இருந்தது, தீராத ஆத்திரமும் இருந்தது. ஆத்திரம்தான் முதலில் வாய்க்கு வந்தது.

"கையை எடுங்கோ அண்ணன். பிறகு தீர்த்தம் தெளிக்க எங்களுக்கு நேரமில்லை."

அந்தோனிமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். அவரும் மறக்கவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. மெல்லக் கையை எடுத்தார். றிபாத் பாயை ஏற்றினான்.