சினிமாவில் அணைத்த சூடம்

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு படத்தில் நடித்தார். அந்தப் படத்தின் பெயரை நான் சொல்வதில்லை. அவர் பெயரையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் பெயரைச் சொல்லாதது அந்தக் காலத்துப் பெண்களின் வழக்கம். படத்தின் பெயரைச் சொல்லாதது என் வயிற்றெரிச்சல்.

ஜலகண்டாபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் அவருக்கு வேலை. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சீமைச் சாயம் வருவது நின்றுபோய், பட்டறைக்குப் பட்டறை தனிப் பக்குவம் வைத்துக்கொண்டு தொழில் நடத்தினார்கள். எங்கள் பட்டறைச் சிவப்பு எத்தனை துவைத்தாலும் போகாது என்று பெயர். புதிதாகச் சேரும் ஆளுக்கு அந்தக் கலவையைச் சொல்லிக்கொடுக்கும் முன்பு மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போவார்கள். அவன் உள்ளங்கையில் சூடத்தை ஏற்றிக்கொண்டு, இந்தப் பக்குவத்தை வெளியே சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். சுற்றி நிற்பவர்களில் மூத்தவர் ஒருவர் "அணைச்சுக்க சாமி" என்று சொன்ன பிறகுதான் மறு கையால் பொத்தி அணைக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டால் ஊர் அந்தச் சத்தியத்தை ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். பத்திரமும் கிடையாது, கைநாட்டும் கிடையாது. என் வீட்டுக்காரரும் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அப்படி அணைத்தவர்தான்.

அப்போது சேலத்தில் ஒரு சினிமாக் கம்பெனி புதுமாதிரியாக ஒரு கதையைப் படம் பிடித்தது. ராஜாவும் இல்லை, ரிஷியும் இல்லை. இரண்டு துணிக் கம்பெனிகள். ஒரு முதலாளி இன்னொருவருடைய சாய ரகசியத்தைத் திருட, தன் ஆள் ஒருவனை அங்கே வேலைக்காரன் வேஷத்தில் அனுப்புகிறான். சாயத் தொட்டி, அடுப்பு எல்லாம் சரியாக அமைத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று எங்கள் பட்டறை முதலாளியைக் கேட்டார்கள். அவர் பெருமையோடு என் வீட்டுக்காரரை அனுப்பிவைத்தார்.

திருட்டு வேலைக்காரனாக நடிக்க வந்தவர் கொதிக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் போகவே பயந்தாராம். டைரக்டர் சலித்துப்போய் இவரைப் பார்த்து, "நீயே செய்யேன்யா" என்றாராம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் ஊருக்கு வந்தபோது என் கைக்கண்ணாடியை எடுத்து வைத்துக்கொண்டு தன் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேலி செய்தேன். அன்றைக்கு நாங்கள் அப்படிச் சிரித்தோம்.

வினை அங்கேதான் வந்தது. புது ஆளை உங்கள் ஊரில் எதை வைத்து நம்புவீர்கள் என்று டைரக்டர் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறார். இந்த வெள்ளந்தி மனுஷன் சூடம் அணைக்கிற வழக்கத்தை ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். டைரக்டர் துள்ளிக் குதித்து அதைப் படத்தில் சேர்த்துவிட்டார். திருட வந்தவன் அம்மன் முன்னால் கண்ணீர் விட்டுச் சூடம் அணைக்கிறான். அடுத்த காட்சியிலேயே ரகசியத்தைக் கொண்டுபோய் விற்கிறான். அம்மன், அவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் செய்து வைத்த சிலை. ஆனாலும் இவருக்கு மனசு கேட்கவில்லை. அணைக்கிறதுக்கு முன்னால் "ஆத்தா, இது வெளையாட்டு" என்று முணுமுணுத்ததாக என்னிடம் சொன்னார். படத்தில் அது கேட்காது.

படம் எங்கள் ஊர் டூரிங் கொட்டகைக்கு வந்தபோது முதல் ஆட்டத்துக்கே ஊர் திரண்டது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் மறைப்பாகத் தென்னந்தடுக்கு. புருஷன் பெண்டாட்டி வந்தால் தடுக்கை ஒட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்வோம். வறுத்த கடலையைத் தடுக்கின் கீழ்ச்சந்து வழியே பெண்கள் பக்கம் தள்ளுவார்கள். அன்றும் அவர் கடலை தள்ளினார். முதலில் திரையில் பெயர்கள் ஓடின. அவர் பெயர் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அவர் முகம் வந்ததும் ஆண்கள் பக்கம் சீழ்க்கை பறந்தது. தொட்டியில் நூலை முக்கிப் பிழிந்தபோது, "அட, நம்ம ஆளு" என்று பெண்கள் என் தோளைத் தட்டினார்கள். பிறகு கோயில் காட்சி வந்தது. உள்ளங்கையில் சூடம் எரிய, கண்ணில் நீர் வழிய, அவர் சத்தியம் செய்தார். கொட்டகையில் பிள்ளை அழுகிற சத்தம்கூட இல்லை. அடுத்து அவர் எதிரி முதலாளியின் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். திரையின் மேல் மண்ணை வாரி வீசினார்கள். என் மடியில் தன் குழந்தையை விட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் அந்தத் திருடனின் கை கொதிக்கிற தொட்டியில் வெந்துபோகிறது. கொட்டகை இடிந்துவிழுகிற மாதிரி கைதட்டினார்கள். வெளியே வந்ததும், "கேட்டயா, எப்பிடித் தட்டுனாங்கன்னு" என்றார் இவர். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் நடந்தேன்.

சேலத்துப் படித்தவர்களுக்குப் படம் பிடித்துப்போனது. வக்கீல்கள் இரண்டாம் முறையும் பார்த்ததாகச் சொன்னார்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று மட்டும், பாட்டுக் குறைவு, வியாபாரச் சண்டையை யார் பார்ப்பார்கள் என்று முகம் சுளித்தது. பட்டணத்துப் பத்திரிகை வேறு மாதிரி எழுதியது. "வேலைக்காரனாக வரும் பெயர் தெரியாத நடிகர் நடிக்கவே இல்லை. வஞ்சகம் அவர் ரத்தத்திலேயே ஊறியிருக்கிறது." இப்படி எழுதிய புண்ணியவான் புகழ்வதாகத்தான் நினைத்தார். என் அப்பா எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்திருந்ததால் அதை நான்தான் வீட்டில் படித்துக் காட்டினேன். இவர் இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். அதே வரியை டீக்கடையிலும் யாரோ சத்தமாகப் படித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு பட்டறைக்கு நூல் வருவது குறைந்தது. அந்த ஆள் கை படுகிற தொட்டியில் எங்கள் நூலைப் போடாதீர்கள் என்று நெசவுக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கலவையை அவர் சினிமாக்காரர்களுக்கே சொல்லிவிட்டார் என்றும் ஒரு பேச்சு. அங்கே தொட்டியில் கரைத்தது வெறும் காவிமண். அதுவும் கறுப்பு வெள்ளைப் படம்; அதில் எந்தச் சிவப்பைக் கண்டார்களோ.

முதலாளி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன். வீடு தேடி வந்து வாசலிலேயே நின்றார்.

"நான் நம்பறனுங்க சாமி. நம்பி என்னுங்க பண்றது? நூலு வரோணுமே. பொய்ச் சூடம் அணைச்ச கைன்னு சொல்றாங்க."

"அது சுண்ணாம்புச் செலைங்க" என்றார் இவர்.

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "நம்ம ஆத்தாளும் கல்லுதானுங்களே" என்றார்.

அதற்கு மேல் யார் என்ன பேசுவது? இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு, ஊர் முன்னால் நிஜமான சூடம் அணைக்கிறேன், அதோடு தீர்ந்துவிடும் என்றார். அவருக்கு அந்தப் பட்டறையைத் தவிர வேறு உலகம் தெரியாது. அதன் வாசனைகூட அவர் உடம்பிலிருந்து போனதில்லை. திரும்ப உள்ளே விட்டால் போதும், கூலி பாதியானாலும் சரி என்று என்னிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலையில் மாரியம்மன் கோயிலில் கூடினார்கள். இவர் ஈர வேட்டியோடு நின்று, உள்ளங்கையில் சூடத்தை வைத்து ஏற்றினார். "பட்டறைப் பக்குவத்த நான் ஆருகிட்டயும் சொல்லலீங்க. சொல்லவும் மாட்டனுங்க" என்றார். சொல்லும்போதே கண் கலங்கியது. பிறகு மூத்தவரின் முகத்தைப் பார்த்தார்.

மூத்தவர் வாயைத் திறக்கவில்லை. சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"சொல்லுங்க மாமா" என்றார் இவர்.

"சினிமாவுலயும் இப்பிடித்தானப்பா அழுத" என்றார் மூத்தவர். அவர் குரலில் கோபம் இல்லை. "எது நெசம், எது வேசம்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இவர் கையை நீட்டியபடியே நின்றார். அணைத்துக்கொள் என்று சொல்லாமல் அணைக்கக் கூடாது. தோல் பொசுங்குகிற நாற்றம் எனக்கு வந்தது. அவர் சூடத்தைக் கீழே போடவில்லை. பெண்கள் நிற்கிற இடத்திலிருந்து ஓடிப்போய் நான் என் கையால் பொத்தி அணைத்தேன். பெண்பிள்ளை அணைத்தது செல்லாது என்று யாரோ சொன்னார்கள். செல்லட்டும், செல்லாமல் போகட்டும் என்று அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியெல்லாம் நான் ஊரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அந்த மாதமே ஊரைவிட்டு வந்துவிட்டோம். பரமத்தி வேலூரில் என் மாமன் வகையில் ஒருவர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். அங்கே இவர் கொடி கட்டினார், வெற்றிலை அடுக்கினார். நகக்கண்ணில் இருந்த சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. உள்ளங்கைத் தழும்பு போகவில்லை. யாராவது கேட்டால் அடுப்புச் சுட்டது என்பார். சினிமாப் பேச்சையே எடுக்கமாட்டார்.

சில வருஷம் கழித்து ஒரு கோடையில் அதே படம் வேலூர்க் கொட்டகைக்கு வந்தது. போகலாம் என்று அவர்தான் சொன்னார். எனக்குத் தடுக்க மனசு வரவில்லை. பழையபடி தடுக்கை ஒட்டி அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். கடலையும் வந்தது. இங்கே அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தாடி விட்டிருந்தார், இளைத்தும் போயிருந்தார்.

கோயில் காட்சி வந்தது. திரையில் என் வீட்டுக்காரர் சின்ன வயசுக்காரராக, கை நிறைய வெளிச்சத்தோடு நின்று அழுதார். அணைத்தார். அடுத்த காட்சியில் ரகசியத்தை விற்றார். தடுக்குக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் காறித் துப்பிவிட்டு, தன் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது.

"ஏனுங்க, ஆத்தா முன்னால பொய்ச் சூடம் அணைக்கறானே, இவனெல்லாம் உருப்படுவானுங்களா?"

பதில் சொன்னது என் வீட்டுக்காரரின் குரல்.

"மாட்டானுங்க" என்றார்.